பிடிலும் வில்லும்: இசைக்குழுத் தேர்வுக்குப் போவது எப்படி?



சென்ற ஜூன் மாதக் கடைசியில் நம் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. பிடிலும் வில்லுப்பாட்டும் சேர்ந்த நாட்டுப்புற இசைக்குழு ஒன்று அமைக்கப்படும். எட்டு முதல் பத்து வரையுள்ள வகுப்பு மாணவியர் பெயர் கொடுக்கலாம். தேர்வு சனிக்கிழமை நடைபெறும். இவ்வளவுதான் செய்தி. 41 பேர் பெயர் கொடுத்தோம். இருந்த இடங்கள் 14. பத்தாம் வகுப்பிலிருந்து போன எங்கள் ஐவரில் மூவருக்கு இடம் கிடைத்தது, இருவருக்குக் கிடைக்கவில்லை.

அன்று மாலை குழாயடியில் முகம் கழுவிக்கொண்டே அழுதவர்கள் பலர். "என்னை ஏன் எடுக்கவில்லை?" என்ற கேள்விக்கு யாரிடமும் சரியான பதில் இல்லை. கணக்குத் தேர்வில் தவறினால் எந்தக் கணக்கில் தவறினோம் என்று விடைத்தாள் சொல்லிவிடும். இசைத் தேர்வில் விடைத்தாள் ஏது? ஆகவே, எடுக்கப்பட்டவர்களும் எடுக்கப்படாதவர்களுமாக நாங்கள் ஐவரும் பாட்டு டீச்சரை ஒரு மாதம் விடாமல் கேள்வி கேட்டோம். நூலகத்திலும் தேடினோம். அப்படி அறிந்ததையே இங்கு எழுதுகிறோம். வரும் ஜூன் மாதம் பெயர் கொடுக்கப்போகும் தங்கைகளுக்கு உதவும் என்று நம்புகிறோம்.

முதலில், பிடிலுக்கும் வில்லுப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் கேட்டார்கள். எங்கள் வீடுகளிலும் அதே கேள்விதான். பிடில் கோயிலில் பாடகர் குழுவோடு வாசிப்பது, வில் கொடை விழாவில் அடிப்பது, இரண்டையும் ஒரே மேடையில் உட்கார வைக்கலாமா என்றார்கள். பெயரைக் கவனித்துப் பாருங்கள். பிடிலுக்கும் ஒரு வில் உண்டு. வில்லுப்பாட்டுக்கும் வில் உண்டு. பிடிலின் வில்லில் குதிரைமயிர் கட்டியிருக்கும். அதைத் தந்தியின்மேல் இழுத்தால் ஓசை வரும். வில்லுப்பாட்டின் வில்லோ ஓர் ஆளைவிட நீளமானது. அதில் வெண்கல மணிகள் தொங்கும். அதன் நாணை வீசுகோலால் அடித்தால் மணிகள் சேர்ந்து ஒலிக்கும். ஒன்று இழுக்கும் வில், மற்றொன்று அடிக்கும் வில். வில்லோடு குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவையும் சேர்ந்தால் வில்லுப்பாட்டு மேளம் நிறைவாகும்.

பிடில் வெள்ளைக்காரர் கொண்டு வந்தது, நாட்டுப்புறத்துக்கு ஒவ்வாது என்பவர்களுக்கு எட்டயபுரத்தைக் காட்டலாம். கர்நாடக இசைக்குப் பிடிலைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவராகச் சொல்லப்படுபவர் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858). இவர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி. சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் பிடில் கற்றுக்கொண்டு, அதை நம் இசைக்கு ஏற்றவாறு வாசித்துக் காட்டினார். பின்னர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்துவானாக இருந்தார். முத்துசுவாமி தீட்சிதர் 1835-ஆம் ஆண்டு இறைவனடி சேர்ந்ததும் எட்டயபுரத்தில்தான். எட்டயபுரம் என்றால் பாரதியார் மட்டுமே நம் நினைவுக்கு வருகிறார். அவர் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அவ்வூரில் பிடில் ஒலித்துக்கொண்டிருந்தது. அது நம் தூத்துக்குடி மாவட்டத்திலேயே இருப்பது எங்களுக்கு இதுவரை தெரியாமல் போனதில் கொஞ்சம் வெட்கம்தான்.

இப்பொழுது தேர்வுக்கு வருவோம்.

ஆள் பார்க்காமல் குரலைக் கேட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை புதிதன்று. நம் நாட்டு வானொலியில் பாட விரும்புபவர்களுக்குக் குரல் தேர்வு வைக்கும் ஏற்பாடு 1952-ஆம் ஆண்டு, பி.வி. கேஸ்கர் மந்திரியாக இருந்தபோது வந்தது. அதற்குப் பெரிய வித்துவான்களிடமிருந்து கடும் எதிர்ப்பும் எழுந்தது. "இத்தனை காலம் பாடிய எங்களுக்குமா பரீட்சை?" என்பது அவர்கள் வாதம். பாடியவர் யாரென்று அறியாமல் ஓசையை மட்டும் கேட்டு பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரம் கொடுப்பது வானொலியின் வழக்கமாயிற்று. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-இல் தொடங்கியபின், நம் பக்கத்து வில்லிசைக் கலைஞர்கள் பலருடைய குரல் அதன் வழியாகவே ஊர் ஊராகச் சென்றது.

அதே 1952-இல் அமெரிக்காவில் பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவும் திரைக்குப் பின்னால் ஆட்களை வாசிக்க வைத்துத் தேர்வு நடத்தத் தொடங்கியது. பிற குழுக்கள் 1970-களில் இதைப் பின்பற்றின. அங்கே ஒரு வேடிக்கை. திரை போட்டும் நடந்து வரும்போது காலணியின் ஓசையைக் கொண்டு வருபவர் ஆணா பெண்ணா என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்பதால், தரையில் கம்பளம் விரித்தார்களாம். காலணியைக் கழற்றச் சொன்னார்களாம்! அந்நாட்டின் ஐந்து பெரிய இசைக்குழுக்களில் 1970-இல் நூற்றுக்கு ஐந்து பேர்கூடப் பெண்கள் இல்லை. 1990-களின் பிற்பகுதியில் நூற்றுக்கு இருபத்தைந்து ஆயிற்று. இதில் திரைக்கு எவ்வளவு பங்கு என்று கிளாடியா கோல்டின், சிசிலியா ரூஸ் என்னும் இருவர் ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் எழுதினார்கள். அவர்களில் கோல்டின் 2023-இல் நோபல் பரிசு பெற்றவர். திரை மட்டுமே காரணமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. எங்களுக்கு அந்தக் கம்பளம்தான் மனத்தில் நின்றது.

ஏனென்றால் நம் பள்ளியிலும் ஏறக்குறைய அதுவே நடந்தது. நம் டீச்சர்களுக்கு நம் எல்லாரையும் தெரியும். யார் நன்றாகப் படிப்பவள், யார் வாயாடி, யாருடைய அண்ணன் கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கிறான் என்பதெல்லாம் அத்துப்படி. ஆகவே அரங்கத்தின் மேடைத் திரையை இழுத்துவிட்டு, தேர்வாளர் மூவரும் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். எங்களுக்குப் பெயர் இல்லை, எண் மட்டும்தான். 17-ஆம் எண் நடந்து வந்தபோது திரைக்குப் பின்னாலிருந்து சிஸ்டரின் குரல் கேட்டது: "கொலுசைக் கழற்றி வைத்துவிட்டு வா, அம்மா. திங்கட்கிழமை அதைப் பற்றித் தனியாகப் பேசுவோம்." அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் அடுத்த நாலைந்து பேருக்குப் பயம் போய்விட்டது என்பதும் உண்மை.

தேர்வு ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடத்திற்குள் முடிந்தது. முதலில் அவரவர் விரும்பிய பாடல் ஒன்று. பிடில்காரர்கள் ஒரு மெட்டை வாசிக்கலாம். சினிமாப் பாட்டு கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அதைப் பாடியவர்கள் எல்லாரும் அந்தச் சினிமாப் பாடகியைப்போலவே பாட முயன்று தங்கள் குரலை இழந்தார்கள் என்று டீச்சர் பின்னர் சொன்னார்கள். பாட்டி சொல்லிக் கொடுத்த தாலாட்டைப் பாடிய எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டாள். அவளுக்கு இடம் கிடைத்தது.

பலர் வழுக்கி விழுந்தது சுருதியில். பெண்கள் பொதுவாக ஐந்து, ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடுவார்கள். ஆண்களுக்கு ஒன்று, இரண்டு கட்டை பொருந்தும். வீட்டில் சுருதிப் பெட்டியில்லாமல் பழகியவர்கள் பயத்தில் தம்மையறியாமல் மேலே ஏறித் தொடங்கிவிடுகிறார்கள். பல்லவி எப்படியோ நடந்துவிடும். மேலே போகும் இடத்தில் குரல் கிறீச்சிடும். எங்களில் ஒருத்திக்கு இதுவே நடந்தது. பதினைந்து நாள் விடியற்காலையில் எழுந்து பழகியவள் அவள். இதற்கு மருந்து மிக எளியது. சுருதி ஒலிக்கத் தொடங்கியதும் உடனே பாடாதீர்கள். மூன்று முறை மூச்சை இழுத்து விடும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள். வாயை மூடிக்கொண்டு அந்த ஓசையோடு முனகிப் பார்த்துவிட்டு, அதன்பின் தொடங்குங்கள். தேர்வாளர்கள் அவசரப்படுத்த மாட்டார்கள். காத்திருப்பவளைப் பார்த்தால் அவர்களுக்கு மகிழ்ச்சியாம்.

பிடில்காரர்களுக்கு வேறு தொல்லை. கோயில் பாடகர் குழுவுக்காக மேல்நாட்டு முறையில் கற்றவர்கள் நின்றுகொண்டு, மோவாயின் கீழ் பிடிலை வைத்து வாசிப்பார்கள். கர்நாடக முறையில் தரையில் சம்மணமிட்டு, பிடிலின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி வாசிக்க வேண்டும். நான்கு தந்திகளையும் ச-ப-ச-ப என்று கூட்ட வேண்டும். வில்லுப்பாட்டில் எல்லாரும் உட்கார்ந்துதான் பாடுவார்கள். ஒருத்தி மட்டும் நடுவில் நின்றால் நன்றாயிருக்குமா? ஆகவே உட்கார்ந்து வாசிக்கத் தெரிந்திருப்பது நல்லது.

சாகுபுரத்தைச் சுற்றியுள்ளவர்களுக்கென்றே ஒரு செய்தி: நம்மைச் சுற்றி உப்பளம், கொஞ்சம் தள்ளிக் கடல். இந்த உப்புக் காற்றில் எஃகுத் தந்தி துருப்பிடிக்கும். ஈரம் கூடினால் வில்லின் மயிர் தொய்யும், பிரடை மரம் ஊதி இறுகித் திரும்ப மறுக்கும், உடுக்கையின் தோலும் தளர்ந்து 'தொம்' என்று செத்த ஓசை தரும். உடுக்கையைத் தேர்வுக்குமுன் சிறிது நேரம் வெயில் காட்டி எடுக்க வேண்டும். பிடிலை வாசித்து முடித்ததும் தந்திகளைப் பழைய பருத்தித் துணியால் துடைத்துவிட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும். மாற்றுத் தந்தி ஒன்று பெட்டிக்குள் இருக்கட்டும். எங்களில் ஒருத்தியின் பிடிலில் மேல் தந்தி தேர்வுக்கு முதல்நாள் இரவே அறுந்தது. தூத்துக்குடிக்குப் போய் வாங்க நேரமில்லை. கீழ்த் தந்திகள் மூன்றிலேயே அவள் வாசித்து முடித்தாள். எண் 9 மூன்று தந்தியோடு வாசிக்கிறது என்பதைத் திரைக்கு அப்பாலிருந்தே கண்டுபிடித்துவிட்டார்களாம்!

அடுத்தது காது. டீச்சர் சிறிய மெட்டு ஒன்றைப் பாடுவார்கள். உடனே திருப்பிப் பாட வேண்டும். எழுதிக்கொள்ளக் கூடாது. நாட்டுப்புற இசைக்கு இதுதான் உயிர். இங்கிலாந்தில் 2016-இல் தேசிய இளையோர் நாட்டுப்புற இசைக்குழு ஒன்று ஏற்படுத்தப்பட்டது. பிடில் வாசிக்கும் பிள்ளைகள் அதில் ஏராளம். அங்கும் காதால் கேட்டு மெட்டைப் பிடிக்கும் திறமைக்கே மதிப்பு அதிகம். இவ்வகை இசையில் பாட்டி சொல்லப் பேத்தி திருப்பிச் சொன்னதே பாடப்புத்தகம். நம் கரைக்கு 1542-இல் வந்த புனித சவேரியாரும் இப்படித்தான் செய்தார். தெருத்தெருவாக மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, மந்திரங்களைத் தாம் சொல்ல அவர்கள் திருப்பிச் சொல்லும்படி கற்பித்தார் என்று அவருடைய கடிதங்களிலிருந்து அறிகிறோம்.

கடைசிப் பகுதிதான் பலரை ஏமாற்றியது. அது மிகச் சுலபம் என்று நினைத்தோம். வில்லுப்பாட்டில் முதன்மையாகப் பாடுபவரைப் புலவர் என்றும் அண்ணாவி என்றும் சொல்வார்கள். அவருக்கு வலப்பக்கத்தில் உள்ளவர்கள் வலம்பாடுவோர். இடப்பக்கத்தில் உள்ளவர்கள் இடம்பாடுவோர். இவர்கள் அடியைத் திருப்பிப் பாட வேண்டும். கதை நடுவே "ஆமா" போட வேண்டும். டீச்சர் அண்ணாவியாக இருந்து ஒரு சிறு கதையைச் சொன்னார்கள். நாங்கள் ஆமா போட வேண்டும். அவ்வளவுதான்!

எங்கள் வகுப்பில் குரல் வளத்தில் முதலிடம் பெற்றவள் யாரென்று எல்லாருக்கும் தெரியும். ஆண்டு விழாக்களில் இறை வணக்கம் அவள்தான். சுருதியில் அவளிடம் குறை இல்லை. திருப்பிப் பாடுவதிலும் குறை இல்லை. அவளுக்கு இடம் கிடைக்கவில்லை என்று அறிந்தபோது தேர்விலேயே ஏதோ தவறு நடந்துவிட்டது என்று நாங்கள் நால்வரும் கோபப்பட்டோம். திரை இருந்ததால் அவளைத் தெரியவில்லை, தெரிந்திருந்தால் எடுத்திருப்பார்கள் என்றுகூடப் பேசினோம். (இப்படிப் பேசியதே திரை ஏன் வேண்டும் என்பதைக் காட்டிவிட்டது என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.) ஒரு வாரம் கழித்து அவளே டீச்சரிடம் போய்க் கேட்டாள். பதில் ஒரே வரியில் வந்தது: "நீ என்னைக் கதையை முடிக்க விடவில்லை, கண்ணே." அண்ணாவி வாக்கியத்தை முடிக்குமுன் அவளுடைய ஆமா வந்து விழுந்திருக்கிறது. மூன்று இடங்களில் அப்படி நடந்ததாம். திருப்பிப் பாடும்போதும் உடன் பாடிய இருவருடைய குரலை அவள் குரல் மூடிவிட்டதாம்.

அவள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. குரல் பெரிதாக இருப்பது என் குற்றமா என்று வாதாடினாள். எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. எங்களுள் ஒருத்தியின் தாத்தா புன்னைக்காயலில் கரைவலை இழுத்தவர். அம்பாப் பாட்டு அவருக்கு நிறையத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஐவரும் அவரிடம் போய் வழக்கைச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, தொட்டில் கட்டும் கயிற்றை எடுத்து எங்கள் கையில் கொடுத்து, மறுமுனையைத் திண்ணைத் தூணில் கட்டினார். தாம் அடி எடுத்துக் கொடுக்கும்போது நாங்கள் பதில் பாடி இழுக்க வேண்டும். முதல் நான்கு அடி சரியாக வந்தது. ஐந்தாவதில் நம் பாடகி முந்திக்கொண்டாள். அவள் ஒருத்தி மட்டும் இழுத்தாள். கயிறு அவள் உள்ளங்கையைச் சிவக்கச் சிவக்க உரசிக்கொண்டு போனது. "கடல்ல இருக்குற வலைன்னா பாரம் பூரா உன் கைக்குத்தாம் வந்திருக்கும், மவளே. உனக்குப் பலம் இல்லன்னு நான் சொல்லல" என்றார் தாத்தா. அவள் கையைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

சேர்ந்து பாடுவது தனி வித்தை என்பதை எம்.பி. சீனிவாசன் அவர்கள் 1988-இல் மறையும்வரை தமிழ்நாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சினிமாவுக்கு இசையமைத்தவர்; ஆனால் சென்னையில் இளைஞர்களைக் கூட்டிச் சேர்ந்திசைக் குழு நடத்தியதைத்தான் இன்றும் பெரிதாகப் பேசுகிறார்கள்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். தேர்வாளர்கள் சொன்னதே வேதம் என்று நாங்கள் எழுதவில்லை. தேர்வுகளும் தவறு செய்யும். ஆர்மோனியம் நம் இசைக்கு ஏற்றதன்று என்று சொல்லி 1940-இல் வானொலியிலிருந்து அதை விலக்கி வைத்தார்கள். 1971 வரை, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, அந்தத் தடை இருந்தது. அத்தனை ஆண்டுகளும் அது கோயில்களிலும் நாடக மேடைகளிலும் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. பெண்கள் வில்லடிக்கலாமா என்று புருவத்தை உயர்த்தியவர்கள் இருந்த காலத்திலேயே, குமரி மாவட்டத்துப் பூங்கனி அம்மாள் சிறு வயதில் வீசுகோலைக் கையில் எடுத்தார். வில்லிசையில் பெயர் பெற்று 2018-இல் காலமானார். அவருக்கு யார் திரை போட்டுத் தேர்வு வைத்தார்கள்?

பெற்றோருக்கும் ஒரு சொல். பத்தாம் வகுப்பில் இதெல்லாம் எதற்கு, பொதுத் தேர்வு என்ன ஆவது என்று எங்கள் வீடுகளில் கேட்டார்கள். ஒருத்தியின் அப்பா நேரே தலைமைச் சகோதரியிடமே வந்துவிட்டார். பயிற்சி சனிக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும், டிசம்பருக்குப் பின் பத்தாம் வகுப்புக்குக் கிடையாது என்று முடிவாயிற்று. அரையாண்டுத் தேர்வில் எங்கள் மூவருடைய மதிப்பெண் குறையவில்லை. கூடவும் இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம்.

கிறிஸ்து பிறப்பு விழாவில் எங்கள் குழு முதன்முதலாக மேடை ஏறியது. பெத்லகேம் கதையை வில்லில் பாடினோம். இடையர்கள் வரும் இடத்தில் பிடில் மட்டும் தனியே ஒலித்தது. அப்போது அரங்கத்தில் குழந்தைகள்கூடச் சத்தம் போடவில்லை. இடம் கிடைக்காத நம் பாடகி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கதை நடக்கும்போது அவள் உதடு அசைவதை மேடையிலிருந்து பார்த்தோம். சரியான இடத்தில்தான் ஆமா போட்டுக்கொண்டிருந்தாள்.

வரும் ஜூன் மாதத் தேர்வுக்கு அவளும் பெயர் கொடுக்கப் போகிறாள். மேல்நிலை வகுப்புகளுக்கும் இடம் உண்டு என்று இப்போது சொல்லியிருக்கிறார்கள். குடம் அடிப்பவள் இந்த ஆண்டோடு ஊர் மாற்றிப் போகிறாள். ஆகையால் பாடத் தெரியாவிட்டாலும் தாளம் தப்பாமல் தட்டத் தெரிந்த ஒருத்தி வேண்டும். வீட்டில் தண்ணீர்க் குடத்தில் தட்டிப் பழகலாம். அம்மா திட்டினால் இந்தக் கட்டுரையைக் காட்டுங்கள்.